சொற்களுக்கு எடை வந்த ஆண்டு

நாமக்கல்லுக்கு வடக்கே, வீடுகளைவிட லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகளே அதிகமாக நிற்கிற ஆவரங்காட்டுப்புதூரில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், இரண்டாம் பாடவேளை பாதி கடந்திருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழத் தொடங்கின. சின்னச் சொற்கள் புளியங்கொட்டை உதிர்வதுபோல் உதிர்ந்தன. அவற்றைவிடப் பெரியவை தட்டிலிருந்து நட்டும் போல்ட்டும் சரிவதுபோல் சரிந்தன. 'அன்லோடிங்' என்ற நீண்ட சொல் விழுந்த இடத்தில் தரையின் சிமெண்டு பிளந்து, அந்தப் பிளவு கதவுவரை ஓடியது. ஆசிரியை இன்பவல்லி யாருடைய காலும் நசுங்கவில்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டாள். பிறகு பத்தொன்பது பிள்ளைகளையும் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு, விழுந்தவற்றை எடுத்துப் புத்தகத்தில் திரும்ப வைக்க முடியுமா என்று குனிந்தாள்.

ஏன் விழுந்தன என்று அவள் கேட்கவில்லை. முந்தின நாள் நடந்தது அவள் நெஞ்சில் இன்னும் ஆறாமல் கிடந்தது. திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் துறைமுகப் பாடத்தைத் தங்குதடையின்றி உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, மின்விசிறிக் காற்றில் புத்தகங்களின் தாள்கள் தாமாகப் புரண்டு ஒட்டகப் பாடத்தில் போய் நின்றன. பிள்ளைகளோ துறைமுகத்தையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டகத்தின் படத்துக்குக் கீழே விரலை நகர்த்தி நகர்த்தி, கப்பலும் கடலும் சரக்கும் என்று எல்லாரையும்விட உரக்க ஒப்பித்தவள், முதல் பெஞ்சில் இருந்த தனுஸ்ரீ. தன் வகுப்பு ஆங்கிலம் வாசிக்கிறது என்று எட்டு ஆண்டுகளாகப் பெருமை கொண்டிருந்த இன்பவல்லிக்கு, எட்டு ஆண்டுகளாகத் தன் வகுப்பு தன்னுடைய குரலைத்தான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அவளிடம் படித்துச் சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போன இருபது பேரில் பதினொருவர் ஏன் அரையாண்டுத் தேர்வுக்குள் படிப்பை விட்டு, மில்லுக்கும் பட்டறைக்கும் போனார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே ஒப்பித்துக் கொடுக்க அவள் இல்லை.

வாசிக்கிறவர்களே, தன் தவற்றைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிறவர் பலர். தானே கண்டு, கண்டதை மூடி மறைக்காதவர் சிலர். இன்பவல்லி அந்தச் சிலரில் ஒருத்தி. அதற்காகவே இந்தக் கதை அவளுடையது.

ஒரு வாரத்துக்குள் ஊரில் இருந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் எடை கொண்டுவிட்டன. ஊர் அதை மழை பொய்த்த ஆண்டை ஏற்றுக்கொள்வதுபோல், புதிதாக வந்த வரியை ஏற்றுக்கொள்வதுபோல், இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டது. மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டைகள் அடுக்கிய பலகைகளுக்கு அடியில் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையை ஆங்கிலத்திலும் அச்சடித்த வீட்டார் அதை டெம்போவில் ஏற்றிப் போய் உறவினரை அழைத்தார்கள். எந்தச் சொல் யாருக்குப் புரிகிறதோ அவருக்கு அது எடையற்றது, புரியாதவருக்கு மட்டுமே பாரம் என்பதை ஊர் விரைவில் கண்டுகொண்டது. அதனால் சில மானங்கள் போயின, சில மானங்கள் வந்தன. கோவையில் பட்டம் வாங்கி வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் தம் பட்டச் சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்க நான்கு ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடமே போகாத லாரி ஓட்டுநர் ஒருவரோ, சாலையில் விழுந்து கிடந்த 'டைவர்ஷன்' என்ற சொல்லை ஒற்றைக் கையால் எடுத்து ஓரமாக வைத்தார். எப்படி முடிந்தது என்று கேட்டவர்களிடம், இந்த ஒரு சொல்லுக்காக ஒடிசாவில் முப்பது மைல் சுற்றியிருக்கிறேன், எனக்கு இது கனக்குமா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அதுவரை ஒதுக்கப்பட்டவர்கள் எவ்வளவு சொற்களை உடம்பில் சுமந்து திரிந்தார்கள் என்பது அந்த ஆண்டில்தான் வெளியே வந்தது.

பள்ளிக்கூடங்களும் பழகிக்கொண்டன. பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளி, ஆறாம் வகுப்பில் சேர வருகிற பிள்ளையிடம் ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கொடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து வகுப்பறைவரை தனியாக நடக்கச் சொல்லும் என்று அறிவித்தது. தூக்க முடியாதவர் இன்னொரு வருடம் ஐந்தாம் வகுப்பில் இருக்க வேண்டியது. அப்படித் திரும்பி வருகிற பிள்ளை எத்தனை நாள் பெஞ்சில் உட்காரும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஜூன் மாதத்துக்குப் பத்து மாதங்கள் இருந்தன.

இன்பவல்லியின் வகுப்பில் நான்கு பிள்ளைகள் சேர்ந்தும் 'அன்லோடிங்'கை அசைக்க முடியவில்லை. அப்போதுதான் தனுஸ்ரீயின் தாய் மயிலாத்தாள், மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்தவள், வாசலில் நின்று அந்தப் போராட்டத்தைப் பார்த்தாள். பட்டறையில் பழைய லாரிகளைப் பிரித்துப் பூட்டும் வேலை அவளுக்கு. அந்தச் சாலையில் ஸ்பேனர் பிடிக்கிற ஒரே பெண் அவள்தான்.

"ஏனுங்க டீச்சர், முழு லாரியை யாராச்சும் தலையில தூக்குவாங்களா?" என்றாள்.

இன்பவல்லி விலகி வழிவிட்டாள். மயிலாத்தாள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சொல்லின் முதுகையும் வயிற்றையும் விரல்களால் தடவினாள். அவளுக்கு ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எங்கே மூட்டு இருக்கிறது என்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் திருகிக் கழற்றினாள். நடுவில் நின்றதைக் காட்டி, இதுதான் சேஸி, மற்றதெல்லாம் இதன்மேல் பூட்டினது, இது என்னவென்று பாருங்கள் என்றாள். இன்பவல்லி பார்த்தாள். நடுவில் இருந்தது 'லோடு'.

வகுப்பு சிரித்தது. லோடு என்றால் என்னவென்று ஆவரங்காட்டுப்புதூரில் நடக்கப் பழகாத குழந்தைக்கும் தெரியும். சிரித்த நொடியிலேயே அது எடை இழந்து தனுஸ்ரீயின் உள்ளங்கையில் சிறகுபோல் நின்றது. முன்னால் கழன்ற 'அன்' என்ற சின்னத் துண்டு, செய்ததை அவிழ்க்கிற துண்டு என்று இன்பவல்லி சொல்லிக் கொடுத்தாள். பின்னால் கழன்றது, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டுகிற துண்டு என்றாள். ஏற்றின லோடை இறக்கிக்கொண்டிருப்பதா டீச்சர் என்று மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சொல்லின் வேர் பற்றியும் ஒட்டுகள் பற்றியும் அவள் படித்துத் தேறியிருந்தாள்தான்; இதெல்லாம் பெரிய வகுப்புக்கு என்று பத்து வயதுப் பிள்ளைகளிடமிருந்து அதை ஒளித்து வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு சாக்கு கொண்டுவந்தார்கள். பட்டறையின் வழக்கம் வகுப்பின் வழக்கமாயிற்று: கழற்றுகிற துண்டுகளைக் கழற்றின வரிசையிலேயே சாக்கின்மேல் வைக்க வேண்டும்; அடுத்தவர் சாக்கை யாரும் தாண்டக் கூடாது; கழற்றின கைதான் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு சொல்லில் அறிந்த துண்டு வேறு சொல்லில் பூட்டியிருப்பதைக் கண்டு பிள்ளைகள் பழைய நண்பனைச் சந்தையில் கண்டதுபோல் கூவினார்கள். ஊரும் சேர்ந்துகொண்டது. மத்தியானத்தில் பட்டறை ஆட்கள் வேலியோரம் நின்று, எந்தத் துண்டு எதில் பொருந்தும் என்று பந்தயம் கட்டாத குறையாக வாதாடினார்கள். வகுப்பில் எல்லாரையும்விட விரைவாகக் கழற்றியவள் தனுஸ்ரீ. அவள் கையில் தாயின் கை இருந்தது.

வேகம் வந்த இடத்தில்தான் கவனம் போயிற்று. பிரிக்கிற இன்பத்தில் பிள்ளைகள் கண்ட சொல்லையெல்லாம் பிரிக்கத் தொடங்கினார்கள். கார்த்திகையில் ஒருநாள், 'ரிவர்' என்ற சொல், 'டிரைவர்' என்பதைப் போலவே வால் கொண்டிருப்பதைக் கண்ட தனுஸ்ரீ, அந்த வாலைக் கழற்றப் பார்த்தாள். திருகினாள், வரவில்லை. துரு என்று நினைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தாள். சொல் கழலவில்லை, உடைந்தது. மூன்று சில்லுகளாகக் கிடந்த அதில் எந்தச் சில்லுக்கும் பொருள் இல்லை. ஊரில் இருந்த எல்லா ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களிலும் முப்பத்து நான்காம் பக்கத்தில், நதி இருந்த இடம் வெறுமையாகிவிட்டது.

வேலியோரம் நின்ற ஒருவர் சொன்னார்: "நம்மூர் ஆத்துல ஏற்கனவே தண்ணியில்லை. இந்தப் புள்ளை இங்கிலீஷ்லயும் இல்லாமப் பண்ணிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை; ஆனாலும் பத்து வயதுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆற்றை உடைத்தவள் என்ற பெயர் தெருவில் நின்றது. பெரியவர்களே, ஒரு குழந்தையின் முதல் தவற்றைப் பார்த்துச் சிரிக்க வாய் திறக்கும்போது, அந்த ஒரு வாய்ச் சிரிப்பை அந்தக் குழந்தை எத்தனை ஆண்டு சுமக்கப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த மொழியின் எந்தச் சொல்லும் அவ்வளவு கனமில்லை.

மயிலாத்தாள் மகளைத் திட்டவில்லை. சில்லுகளைப் பொறுக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். உருக்கி ஒரே துண்டாக ஊற்றின வார்ப்பை போல்ட்டுப் போட்டுச் சேர்க்க முடியாது. அவள் வெல்டிங் தீயைப் பிடித்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்ட மகள் இடுக்கியால் சில்லுகளைச் சேர்த்துப் பிடித்தாள். பித்தளைக் கம்பி உருகி வெடிப்புகளில் ஓடியது. மறுநாள் நதி முப்பத்து நான்காம் பக்கத்துக்குத் திரும்பியது, இரண்டு மஞ்சள் கோடுகளோடு. இன்றும் அந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில் சற்று மெதுவாகப் போகிறார்கள்.

நதி திரும்பிய அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இன்பவல்லி எழுந்து நின்று, உடைந்தது தனுஸ்ரீயின் குற்றமல்ல, எல்லாச் சொல்லும் கழலும் என்று நினைக்கும்படி நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னாள். பிறகு மயிலாத்தாளை வகுப்புக்கு அழைத்து, வார்ப்பையும் பூட்டினதையும் பட்டறையில் எப்படிப் பிரித்து அறிகிறார்கள் என்று காட்டச் சொன்னாள். அடிக்கிறதுக்கு முன்னால் விரலால் தட்டிக் கேட்க வேண்டும். பூட்டினதென்றால் இரண்டு சத்தம், வார்ப்பென்றால் ஒரே சத்தம் என்றாள் மயிலாத்தாள். பிள்ளைகள் தட்டினார்கள், கேட்டார்கள், பழகினார்கள். ஒரே சத்தம் வருகிற சொல்லை என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். அதைத் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வேறு வழியே இல்லை, எனக்கும் இல்லை என்றாள் இன்பவல்லி.

பதினெட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். தனுஸ்ரீ மட்டும் கேட்கவில்லை. மூட்டு உள்ள சொற்களை அவள் முன்னைவிடச் சுத்தமாகக் கழற்றிப் பூட்டினாள். ஒரே சத்தம் தந்த சொல்லைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற யாராவது அதைக் கேட்கும்வரை காத்திருந்து, பதிலைக் காதில் வாங்கிக்கொள்வாள். மார்கழி போயிற்று, பங்குனி போயிற்று. அவள் வாயிலிருந்து, தெரியவில்லை என்ற ஒரு சொல் வரவில்லை. உயர்நிலைப்பள்ளி வாசலில் பிள்ளைகளை ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள் என்பதை இன்பவல்லி மறக்கவில்லை. அங்கே அவளுக்காகக் கேட்கப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரிசை தொடங்கியது. ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள், பெற்றோர், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று சாலையில் பாதி அடைபட்டிருந்தது. பாதி திறந்த இரும்புக் கதவுக்கு உள்ளே, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை ஆளுக்கொரு பக்கம் கொடுத்தார். சில பிள்ளைகள் பக்கத்தை வாங்கியதும் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்பி வேப்பமரத்து ஓரம் அனுப்பினார்கள். ஆவரங்காட்டுப்புதூர்ப் பிள்ளைகள் முறை வந்ததும் ஒவ்வொருவராகச் சாக்கை விரித்தார்கள், தட்டினார்கள், கழற்றினார்கள், பூட்டினார்கள், சிட்டாக எழுந்து நடந்தார்கள். வரிசையில் இருந்தவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பதினெட்டுப் பேர் உள்ளே போயினர்.

கடைசியாகத் தனுஸ்ரீ. அவளுக்குக் கொடுத்த பக்கத்தில் அறுபது சொற்கள் இருந்தன. நீண்ட சொற்களையெல்லாம் அவள் கழற்றி வரிசையாக வைத்த அழகில், வேடிக்கை பார்த்த மெக்கானிக் ஒருவர் தம்மையறியாமல் தலையசைத்தார். ஒவ்வொன்றாகப் பூட்டிப் பக்கத்தில் ஏற்றினாள். ஒன்றே ஒன்று மிச்சம். அது 'ஷெல்டர்'. அவள் தட்டினாள். ஒரே சத்தம். மறுபடி தட்டினாள். தூக்கிப் பார்த்தாள், அடுப்புக் கல்லைப் போல அது தரையோடு கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே நின்ற இன்பவல்லிக்கு அந்தச் சொல்லின் பொருள் நாக்கு நுனியில் இருந்தது. பத்தடி தூரம், இருமுவதுபோல் சொன்னாலும் கேட்கும். அவள் கதவுக் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்தபோது மயிலாத்தாளின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"வேண்டாங்க டீச்சர்."

"ஒரே ஒரு சொல்லுதானே அக்கா. அது தெரிஞ்சா உள்ள போயிடுவா."

"உள்ள போயி? அங்க ஒவ்வொரு பக்கத்துலயும் இப்படி ஒண்ணு கெடக்குமில்லீங்க. நீங்க கூடவே போவீங்களா?"

"கேக்கலைன்னா?"

மயிலாத்தாள் பிடியை விடவில்லை. மகளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கலைன்னா அடுத்த வருசம் வரட்டும்," என்றாள். "நான் பட்டறைக்கு அனுப்ப மாட்டேன். மறுபடி உங்ககிட்டயே அனுப்பறேன்."

இன்பவல்லி கம்பியை விட்டாள். எட்டு ஆண்டுகளாகத் தன் குரலைப் பிள்ளைகளின் வாயில் வைத்துப் பழகியவளுக்கு, தன் வாயை மூடிக்கொண்டு நின்றது அதுவரை செய்த வேலைகளிலெல்லாம் கடினமானது. சொல்லிக் கொடுப்பது பெரிய குணம் என்று உலகம் போற்றுகிறது. சொல்லாமல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதை யாரும் போற்றுவதில்லை. நீங்களாவது போற்றுங்கள்.

வெயில் ஏறியது. வரிசையில் யாரோ, ஏம்மா அந்தப் புள்ளை அங்கேயே நிக்குது என்று அலுத்துக்கொண்டார்கள். தனுஸ்ரீ கட்டியிருந்த கைகளை அவிழ்த்தாள். தலையை நிமிர்த்தித் தாயையும் பார்க்கவில்லை, ஆசிரியையையும் பார்க்கவில்லை. நேராகத் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தாள்.

"மேடம், இது எனக்குத் தெரியலீங்க. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

சத்தமாகத்தான் கேட்டாள்; ஆற்றை உடைத்தவள் என்று சொன்ன தெருக்காரர்களும் கேட்கிற அளவுக்கு. கேட்கக் கூடாது என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. கேட்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தலைமையாசிரியை தம் கையில் இருந்த அறிவிப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். காலையிலிருந்து எண்பது பிள்ளைகளுக்குப் பக்கம் கொடுத்திருந்தார். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து சாக்குக்கு எதிரே, மண்ணில், பருத்திப் புடவையோடு உட்கார்ந்தார்.

"மழை வந்தா, வெயில் அடிச்சா ஒதுங்கி நிக்கற எடம் கண்ணு. தலைக்கு மேல ஒரு காப்பு," என்றார்.

தனுஸ்ரீ அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு விரலால் சொல்லை எடுத்தாள், பக்கத்தில் வைத்தாள், சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், நடந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியையால் எழுந்திருக்க முடியவில்லை. வேப்பமரத்து ஓரம் அனுப்பப்பட்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி தன் பக்கத்தை மண்ணில் இழுத்துக்கொண்டே வந்து, எனக்கும் ஒண்ணு தெரியலீங்க மேடம் என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் நாலு பேர். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுந்து எழுந்து உள்ளே போனார்கள். சில சொற்களைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல அவருக்கே வராமல், வாட்ச்மேனையும் டீக்கடைக்காரரையும் ஒரு லாரி ஓட்டுநரையும் அவர் கேட்க வேண்டியதாயிற்று. பதினொன்றரை மணிக்குப் பாதி திறந்த கதவு போதவில்லை என்று வாட்ச்மேன் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, மூடாதிருக்கக் கல் வைத்துவிட்டுப் போனார்.